முட்டிக்குப் பூ கட்டிப் பார்த்த கதை

அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று பழமலைநாதன் கல்யாணத்தன்றே முடிவு செய்தவர். அந்த விரதத்துக்கு ஆபத்து, மனைவி சொர்ணாம்பாளின் வலது முட்டி வழியாக வந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவர் அவர். மழைக்குப் பயந்து, கண் வரையாத பொம்மைகளை வீட்டுக் கூடத்தில் அடுக்கியிருந்தார். முகங்களைப் பார்க்கப் பயந்து, எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார். சொர்ணாம்பாள் நடந்தால் முட்டி ‘கரக், கரக்’ என்னும். கருக்கலில் கேட்டால் பொம்மைகள்தான் எழுந்து நடக்கின்றனவோ என்று விளக்கைப் போட்டுப் பார்ப்பார்.

டாக்டர் விளக்கிவிட்டார். முட்டியில் பாதியை மட்டும் மாற்றினால் சீக்கிரம் நடமாடலாம். ஆனால் அதே முட்டியின் மறுபாதியும் தேய ஆரம்பித்திருப்பதால் பிற்பாடு திரும்ப அறுக்க நேரலாம். முழுசாக மாற்றினால் ஒரே வேலை, தேறத்தான் நாளாகும்.

"முழுசாவே மாத்திடலாங்க. கோயில் படி ஏறணும் நானு. எத்தினி தடவ அறுத்துக்கறது?"

"பாதி போதும் சொர்ணம். சீக்கிரம் எழுந்துக்கலாம்."

"எழுந்து?"

"எழுந்து... நடக்கலாம்."

"அடுப்பங்கரைக்கா?"

பழமலைநாதன் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நாம யாரு முடிவு பண்ண? கொளஞ்சியப்பர் படத்துக்கு முன்னால பூ கட்டிப் பாத்துடலாம். வெள்ள வந்தா பாதி, செவப்பு வந்தா முழுசு."

"சரிங்க. நீங்களே கட்டுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. சந்தோஷத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை. இரண்டு வாழையிலைத் துண்டு எடுத்தார். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டி, சாமி மாடத்தில் வைத்தார். கொல்லைச் செவ்வரளியைத் தொடவே இல்லை.

"கை காலு கழுவிட்டு வாங்க. சாமி காரியம்."

குழாயடியில் நின்றபோது கரண்ட் போனது. இருட்டு வீட்டுக்குள் கரக், கரக். சாமி மாடம் வரை போய் நின்றது. பிறகு சத்தமே இல்லை.

திரும்பி வந்தபோது மாடத்தில் அகல் விளக்கு எரிந்தது. பொம்மைகளின் கண்ணில்லாத முகங்கள் எல்லாம் அவரையே பார்த்தன.

"யாரு இதத் திருப்புனது?"

"தானாவா திரும்பும்?" என்றாள் சொர்ணாம்பாள்.

பொட்டலம் எடுக்கப் பொது ஆளாக, பொம்மைக்குக் கண் வரைய வரும் ஆராயியை அவள் கூப்பிட்டிருந்தாள். ஆராயி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

செவ்வரளி.

பழமலைநாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் திருட்டு அம்பலம். அடுத்ததை அவரே பிரித்தார். அதுவும் சிவப்பு. சாமியிடமே வேலையைக் காட்டிவிட்டோமே என்று நிஜமாகவே பயந்துபோனார்.

"ரெண்டும் செவப்பா? ஒண்ணுல வெள்ள இருக்கணுமேய்யா. யாரு கட்டுனது?" என்றாள் ஆராயி.

அவர் பிரித்த இலையைத் திரும்ப மடிக்க ஆரம்பித்தார்.

"சாமியப் போயி கேள்வி கேக்காத ஆராயி," என்றாள் சொர்ணாம்பாள். "எடது முட்டியும் தேஞ்சிருக்குது, வேணும்னா சேத்தே பண்ணிக்கலாம்னு டாக்டரு சொன்னாருல்ல? ரெண்டு பொட்டலம், ரெண்டு செவப்பு. ரெண்டு முட்டியவும் முழுசா மாத்தச் சொல்லுது. இல்லீங்களா?"

அவர் தலை தானாக ஆடியது. அவள் திரும்பி நடந்தாள். கொண்டையில் இரண்டு நந்தியாவட்டை, கட்டும்போது மடங்கிய இதழோடு.

கரண்ட் வந்தது. கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது.

"சொர்ணம்," என்றார் மெதுவாக, "அரிசி எந்த டப்பாவுல இருக்குது?"