நான் முறைக்கவில்லை, அக்கா

புந்தோங், ஈப்போ.
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மூத்த சகோதரி, சுங்காயில் இருக்கும் நல்லம்மாள் அக்கா அவர்களின் சமூகத்துக்கு, உடன்பிறந்த ஒரே தம்பி அர்ச்சுனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மின்விசிறியும் நலம். அங்கே தாங்களும் மாமாவும் புதுமணத் தம்பதியரும் நலமா என்று அறிய ஆவல். தாங்கள் கைப்பேசியில் என்னைத் தடுத்து வைத்திருப்பதால் நேற்று தபால்தலை வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள். மிச்சச் சில்லறையைக்கூடக் குனிந்தபடியே தந்தாள். அவள் ஏன் குனிந்தாள் என்பதைத்தான் தங்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். தினேஸ்வரி கல்யாணத்தில் நான் யாரையும் முறைக்கவில்லை. அது தைராய்டு.

தாங்கள் நம்பமாட்டீர்கள். நானே நம்பவில்லை. அன்றைக்கு மணவறையில் தாய்மாமனாக நின்றபோது எனக்குக் கண் எரிந்தது, அவ்வளவுதான். ஓமப்புகை என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா சுகுமாரன் என் முகத்தைப் பார்த்தார், பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது, ஓடிப்போய் ஒரு மாலை கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார். நான் பார்த்தபடியே நின்றேன். இன்னொரு மாலை வந்தது. பிறகு பட்டுக்கரை வேட்டி, பிறகு பழத்தட்டு, பிறகு அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். கடைசியில் அவர் என் காதோரம் வந்து, "அண்ணே, இன்னும் என்னண்ணே குறை? வாயத் தொறந்து சொல்லுங்க லா, செஞ்சிரலாம்" என்றார். "ஒண்ணுமில்லைங்க" என்றேன். கல்யாண வீட்டில் தாய்மாமன் ஒன்றுமில்லை என்று சொன்னால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்! போதாக்குறைக்குக் கை வேறு நடுங்கியது. நான் பிடித்திருந்த தட்டிலிருந்து தேங்காய் உருண்டு நாதஸ்வரக்காரர் காலடிக்குப் போனது. பின்வரிசையில் ஒரு பெண்மணி, "காலையிலேயே தண்ணி போட்டு வந்திருக்காரு போல" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். தாங்கள் சமையல்கட்டுப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போய், "என் ஒரே பொண்ணு கல்யாணத்துல என்னை இப்படிக் கேவலப்படுத்திட்டியேடா, இனி என் வாசப்படி மிதிக்காத" என்றீர்கள். அப்போதும் நான் தங்களைப் பார்த்தேன். அதையும் முறைத்ததாகவே எடுத்துக்கொண்டீர்கள். அது அழுகை, அக்கா. கண் இவ்வளவு வெளியே வந்துவிட்டால் அழுவதும் அதட்டுவதும் ஒரே மாதிரி தெரிகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். நான் ஜாகாவாகக் காவல் நிற்கும் அடுக்குமாடியில் திருட்டே இல்லை என்று சூப்பர்வைசர் என்னை மெச்சினார். ஒரு கார் வந்தால் எனக்கு இரண்டு தெரிகிறது, இரண்டுக்கும் சேர்த்துத்தான் தடுப்பைத் தூக்குகிறேன் என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை. ஒருநாள் பஸ் ஏறினேன், பக்கத்து இருக்கை ஆச்சி என்னைப் பார்த்துவிட்டு, "தஞ்சோங் ரம்புத்தானா தம்பி? மருந்து வாங்கவா?" என்று அன்பாகக் கேட்டார். மனநல ஆஸ்பத்திரி அங்கேதானே இருக்கிறது. சிம்மோர் என்றேன். அவர் நம்பவில்லை. இறங்கும்போது டிரைவரிடம், "அந்தத் தம்பிய ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கிவிடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். பரவாயில்லை, என்னைப் பற்றி ஒருவராவது ஒருவரிடம் சொன்னாரே.

சிம்மோரில் எதற்கு இறங்கினேன் என்றால், அங்கே பழைய ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயில் இன்னும் இருக்கிறது. தோட்டம் போய் வீடமைப்பு வந்துவிட்டது, ஐயா மட்டும் அரிவாளும் உருட்டி விழித்த கண்ணுமாக நகராமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நேர் கீழே போய் நான் நின்றதுதான் தப்பு. வெயிலில் வேர்த்துக் கொட்டியது, கை உதறியது, கண்ணைத்தான் சொல்லிவிட்டேனே. எங்கள் மாடியில் குடியிருக்கும் மங்களம் அக்காவும் அன்று அங்கே வந்திருந்தார். மேலே சிலையைப் பார்த்தார், கீழே என்னைப் பார்த்தார், "ஐயா எறங்கிட்டாருடி!" என்று என் காலில் விழுந்தார். பூசாரி தனேஷ் சுருட்டைப் பற்றவைத்து என் வாயில் சொருகினார். "ஐயா, லாட்டரிக்கு நாலு நம்பர் குடுங்கய்யா" என்று கூட்டம் நெருக்கியது. "தண்ணி குடுங்க" என்றேன், கறுப்புப் பீர் கொடுத்தார்கள். தப்பிக்க வழி தெரியாமல் எதிரே நின்ற மோட்டார் சைக்கிளின் நம்பரைப் படித்தேன்.

அது அடித்துவிட்டது.

அக்கா, அதன் பிறகு என் வீட்டை நீங்க பார்த்திருக்கணும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாசலில் செருப்பு. பிஸ்கட், பேரீச்சம்பழம், யாரோ ஒருத்தர் நாசி லெமாக் சோறுகூட. கல்யாணம் கட்டாத பயல் வீட்டில் இத்தனை நாற்காலி ஏது? கீழ்க்கடை சீனரிடம் இரவல் வாங்கிப் போட்டேன். மகன் வேலை, மருமகள் சண்டை, முழங்கால் வலி, எல்லாம் என்னிடம்தான் சொல்வார்கள். நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன், இமைக்காமல். "ஐயா எவ்வளவு பொறுமையா கேக்குறாரு பாருங்க" என்று போவார்கள். இமைக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். அடுத்து நான் சொன்ன நம்பர் வரவில்லை. அவங்களும் வரலை. மங்களம் அக்கா மட்டும் படியில் என்னை நிறுத்தி, "ஐயா உங்க மேல இல்ல போலருக்கு தம்பி. கிளினிக் போய்க் காட்டுங்க லா" என்றார். நாற்காலிகளைச் சீனரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

டாக்டர் பெயர் சுபாஜினி. சின்னப் பெண், ஆனால் என்னை நேராகப் பார்த்தார், ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு ஆள். கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். மூன்று இலை சாப்பிட்டும் நான் மெலிந்தது, கை நடுங்கியது, வேர்த்தது எல்லாம் அதன் கைவரிசை. உடம்பின் காவல்படை குழம்பிப்போய்க் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற தசையையே தாக்குகிறதாம், அது வீங்கிக் கண்ணை முன்னால் தள்ளுகிறது. "கண்ணு பெருசாகல அங்கிள், பின்னால இடம் பத்தல" என்றார். சிரித்துவிட்டேன். என் வீட்டில் இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது, கண்ணுக்கு மட்டும் இடப் பற்றாக்குறை! சுரப்பிக்கு மாத்திரை, பகலில் சொட்டு மருந்து, தூங்கப் போகும்போது களிம்பு, தலையணையை உயர்த்திவைக்கணும், சிகரெட்டை அடியோடு விடணும். முனியாண்டி சுருட்டும் சேர்த்தியா என்று கேட்டேன். சேர்த்தியாம். சிவப்பு எப்படித் தெரியுது என்றார். கொஞ்ச நாளாகக் கோயில் புடவையெல்லாம் வெளுத்துத் தெரியுது என்றேன். அப்போதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார். நரம்பு நசுங்குதாம், தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடலாமாம். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றுவார்கள், அதற்கும் கேட்காவிட்டால் பின்னால் எலும்பைக் கொஞ்சம் எடுத்து இடம் பண்ணுவார்கள்.

"வீட்டுல யாரு அங்கிள் மொதல்ல கவனிச்சது?" என்று கேட்டார். யோசித்துவிட்டு, "பூசாரி" என்றேன். "தூங்குறப்ப கண்ணு முழுசா மூடுதான்னு வீட்டு ஆளுங்கள பாக்கச் சொல்லுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கைப்பேசியை அலமாரியில் சாய்த்துவைத்து என்னையே படம் பிடித்தேன். காலையில் போட்டுப் பார்த்தால் நான் தூங்குகிறேன், கண் பாதி திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நானும் அதைப் பார்த்தேன். காப்பி ஆறுகிற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் அனுதாபம் தேட எழுதவில்லை. எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது, துணைக்கு ஏகப்பட்ட பேர். தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம். சுகுமாரன் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தப் பட்டுக்கரை வேட்டியைத் திருப்பித் தரத் தயார் என்றும் சொல்லவும். மாமாவுக்கு என் வணக்கம். தினேஸ்வரியும் மாப்பிள்ளையும் எல்லா வளமும் பெற்று வாழ, கண்ணை முடிந்தவரை மூடி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் பணிவுள்ள தம்பி
அர்ச்சுனன்

பி.கு.: அக்கா, ஏகப்பட்ட பேர்னு எழுதினேனே, அது பொய். வர்ற புதன்கிழமை மருந்து ஏத்துறாங்க. சொந்தம் யாருன்னு நர்ஸ் கேட்டாங்க, உன் பேரத்தான் குடுத்தேன், வேற பேரு எனக்குத் தெரியல. காலை பஸ்ஸுல வா. ஸ்டேஷன்ல எல்லாரையும் முறைச்சுக்கிட்டு ஒருத்தன் நிப்பான், அவன்தான். கோவம் போகலைன்னா கோவத்தோடயே வா, பேசாமயே உக்காரு. நான் தூங்கினதும் கண்ணு மூடியிருக்கான்னு மட்டும் ஒரு தடவ எட்டிப் பாத்துச் சொல்லு.