அமைதி வாக்கியத் தேர்வுக் குழு

மனித குலம் பதற்றத்தை வென்ற இடம் எது என்று வருங்காலத்தில் யாராவது கேட்டால், தயங்காமல் எங்கள் அலுவலக மாடியைக் காட்டலாம். எரிவாயு நிறுவனத்தின் அவசர உதவிப் பிரிவு அது. கேஸ் கசிகிறது என்று யார் கூப்பிட்டாலும் விழுந்தடித்து ஓடிப்போய்க் காப்பாற்றுவது எங்கள் பழைய, நாகரிகமற்ற வழக்கம்.

புதிய மேலாளர் வந்தார், அதை ஒழித்தார்.

"முதல்ல கஸ்டமரை அமைதிப்படுத்தணும். அதுவும் இங்கிலீஷ்ல. மத்ததெல்லாம் அப்புறம்தான்," என்றார்.

எந்த வாக்கியத்தால் அமைதிப்படுத்துவது என்று ஆராய உயர்மட்டக் குழு அமைந்தது. மேலாளர், 'டிக்‌ஷனரி' என்று நாங்கள் அழைக்கும் கணக்கு அதிகாரி, நான். முடிவு வரும்வரை போன் எடுப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சுற்றறிக்கையும் போனது. தப்பான இங்கிலீஷால் யாரையாவது காப்பாற்றித் தொலைத்துவிட்டால்?

கூட்டம் தொடங்கியது. பிஸ்கட் வந்தது.

"'கீப் காம்'னு வச்சுட்டா என்ன?" என்றேன்.

"அது காபி கப்புல எழுதற வாசகம்யா," என்று தள்ளினார் டிக்‌ஷனரி. "'ரிமெய்ன் காம்'. அதுல ஒரு கம்பீரம் இருக்கு. பிளேன்லயெல்லாம் அப்படித்தான் சொல்வாங்க."

"'ஸ்டே காம்'? இல்லேன்னா 'காம் டவுன்'?" என்றேன்.

மேலாளரின் முகம் வாடியது. "வீட்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அதுலேர்ந்து அவ என்கூட முகம் கொடுத்தே பேசறதில்லை."

குழு அவருக்குத் தன் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, போன் எடுக்கும் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சார், ஒரு அம்மா லைன்ல இருக்காங்க. வீடு பூரா கேஸ் வாடையாம். மாமியார் நடக்க முடியாதவங்களாம், தனியாத் தூக்க முடியலையாம். என்ன சொல்லட்டும்?"

"அதைத்தானேம்மா முடிவு பண்ணிட்டிருக்கோம்!"

"வண்டி கீழே ரெடியா நிக்குது சார். ஆளையாவது அனுப்பட்டுமா?"

"முதல் வாக்கியமே சொல்லலை, அதுக்குள்ள ஆளா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்ற மேலாளருக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. "அந்த லைனை இங்கே ஸ்பீக்கர்ல போடு. பொதுமக்கள் கருத்தையும் கேட்ட மாதிரி இருக்கும்."

அறை முழுக்கப் பொதுமக்கள் கருத்து ஒலித்தது.

"ஹலோ, யாராவது பேசுங்களேன்! ரெகுலேட்டரை மூடியும் நிக்கலை... அத்தையை இழுத்துப் பார்க்கறேன், நகரவே மாட்டேங்கறாங்க... ஒரே ஒரு ஆளை அனுப்புங்கய்யா!"

டிக்‌ஷனரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பதறிட்டாங்க. பதறினவங்களுக்கு 'காம் டவுன்'தான் பொருத்தம். 'ஸ்டே காம்'ங்கறது ஏற்கெனவே அமைதியா இருக்கறவங்களுக்கு."

அந்த நுட்பத்தில் நான் சொக்கிப்போனேன். வாசலில் நின்ற பெண் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு "சார், சார்" என்றாள். மேலாளர் உதட்டில் விரலை வைத்தார்.

ஸ்பீக்கரில் எதுவோ விழுந்து உடைந்தது. ஓர் அலறல். அப்புறம் சத்தமே இல்லை.

"அமைதியாயிட்டாங்க," என்றார் மேலாளர்.

"அப்போ 'ஸ்டே காம்'," என்றார் டிக்‌ஷனரி.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாங்கள் கைதட்டினோம். அந்தப் பெண் அதற்குக்கூட நிற்காமல், வண்டிக்காரர்களைக் கூவி அழைத்தபடி படியிறங்கி ஓடிவிட்டாள். என்ன செய்வது, பயிற்சி போதாது.

மறுநாள் அந்த அம்மா நேரிலேயே வந்தார். மாமியாரைப் போர்வையில் உருட்டிப் போட்டுத் தெருவரைக்கும் தானே இழுத்திருக்கிறார். வாசலைத் தாண்டும்போது சமையலறை வெடித்துவிட்டதாம். மாமியார் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. இவருக்கு வலது கை முழுக்கக் கட்டு. புருவம் இருந்த இடத்தில் புருவம் இல்லை.

மேலாளர் மரியாதையாக எழுந்து நின்று, புது வாக்கியத்தை முதன்முதலாக, குழைவோடு வெளியிட்டார்.

"ப்ளீஸ் ஸ்டே காம், மேடம்."

அந்த அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ரொம்பத் தெளிவாக் கேட்டுச்சும்மா," என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஆனா நாங்க யாரும் துளிகூடப் பதறலை."