அக்கா வீட்டு அஸ்திவாரத்தில் தவளை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். நான் மட்டும் வெளியில் தலைகாட்ட முடியாத சுகத்தில் இருக்கிறேன். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல். வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வருவதற்கு முன் நானே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நகராட்சிக் கூட்ட அரங்கில் மேடையேறி, மைக்கைப் பிடித்து, ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னிலையில் நான் தவளை மாதிரிக் கத்தினேன். ஒரு தடவை கத்தியிருந்தால் இருமல் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். கேட்டுக்கொண்டதன் பேரில் மறுபடியும் மறுபடியும் கத்தினேன். யாரோ செல்போனில் படம் எடுத்திருக்கிறார்கள். அது உனக்கு வந்து சேர்ந்தால் தயவுசெய்து அத்தானிடம் காட்டாதே. நான் அதில் போட்டிருப்பது அவர் வாங்கித் தந்த சட்டை.

ஏன் கத்தினேன் என்றால், எல்லாம் உனக்காகத்தான். ஆற்றோர மனையில் மேட்டுப் பாதி எனக்கு, பள்ளத்துப் பாதி உனக்கு என்று அப்பா பிரித்துக் கொடுத்தாரே, மேட்டில் நான் வீடு கட்டி உட்கார்ந்துவிட்டேன். அத்தான் ஓய்வு பெற்றதும் நீங்கள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிடப் போகிறீர்கள், பள்ளத்தில் உங்களுக்கு வீடு கட்டித் தருவது என் பொறுப்பு என்று போன வருஷம் எல்லோர் முன்னிலையிலும் மார்தட்டினேன். வண்டியிலிருந்து இறங்கினால் நேராக உன் வீட்டுச் சோபாவில்தான் உட்காருவாய் என்றும் சொன்ன ஞாபகம். அப்படி நான் மார்தட்டி முடித்து, சோம்பல் முறித்து, இனி ஆரம்பிக்கலாம் என்று எழுந்தபோது நகராட்சியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஆறு பெருகினால் தண்ணீர் எதுவரை பரவுமோ அதுவரை, அடுத்த மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குப் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. காரணம், கட்டைவிரல் அளவில் ஒரு தவளை. உலகத்தில் அந்த இனமே அருகிக்கொண்டு வருகிறதாம், மிச்சமிருப்பவை நம் ஆற்றங்கரையைத்தான் நம்பி இருக்கின்றனவாம். தடை தற்காலிகம்தான், நிரந்தர விதி வரும்வரைக்கும்தான் என்று எழுதியிருந்தார்கள். இரண்டே நாளில் ஆட்கள் வந்து சிவப்புச் சாயம் அடித்த முளைக்குச்சிகளை வரிசையாக நட்டுவிட்டுப் போனார்கள். அந்த வரிசை எங்கே போயிற்று என்கிறாய்? சரியாக உன் பாதிக்கும் என் பாதிக்கும் நடுவில். நம்ம அப்பாவே நேரில் வந்து நட்டுவிட்டுப் போன மாதிரி.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை நீ போன் செய்தபோதும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நீ, "வேலை எதுவரைக்கும் வந்திருக்குடா தம்பி?" என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டாயா, என் வாய் தானாகவே, "சுவர் எழும்பிடுச்சு அக்கா" என்று சொல்லிவிட்டது. அடுத்த வாரம் ஜன்னல் வைத்தேன். அதற்கடுத்த வாரம் கூரை போட்டேன். அத்தான் போனை வாங்கி உள்ளறைக்கு என்ன வண்ணம் என்று கேட்டபோது, வெளிர்நீலம் அடித்துக் காய்ந்துகொண்டிருக்கிறது, கை வைக்காதீர்கள் என்று சொன்னேன். அக்கா, நான் போனில் கட்டிய அந்த வீடு மாதிரி ஒரு வீட்டை இந்த ஊரில் யாரும் கட்டியதில்லை. என்ன, அதில் குடிபோக முடியாது, அவ்வளவுதான்.

இந்த நிலைமையில் ஒருநாள் முடிவெட்டப் போனேன். சலூன்காரர் என் தலையைக் குனியவைத்துக்கொண்டு, "தடை அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே வேலையைத் தொடங்கிட்டா விட்டுடுவாங்களாம் சார், உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தடை அமலுக்கு வர இன்னும் நாலைந்து நாள் இருந்தது. பாதி வெட்டிய தலையோடு எழுந்து ஓடினேன். கொத்தனாரைக் கையோடு இழுத்துவந்து பள்ளத்தில் நிறுத்தினேன். "ப்ளான் எங்க சார்?" என்றார். ப்ளான் என் தலைக்குள் இருக்கிறது என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார். இடது பக்கம் முடி இருந்தது, வலது பக்கம் இல்லை. பிறகு சுண்ணாம்பைக் கையில் எடுத்தார். இது வரவேற்பறை, இது அடுக்களை, இது குளியலறை, அத்தானுக்கு முழங்கால் மடங்காது என்பதால் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று நான் நடந்து காட்டக் காட்ட அவர் கோடு போட்டார். தடைக்கு முந்தின மாலைக்குள் அஸ்திவாரக் குழி முழுக்கத் தோண்டியாகிவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து உன் தம்பி பெண்டாட்டியிடம் பாயசம் கேட்டேன். டீதான் கிடைத்தது.

மறுநாள் மழை. ஏதோ தூறல் என்று நினைக்காதே, ஊற்று ஊற்றென்று ஊற்றியது. கொத்தனார் குடையோடு வந்து, குழி விளிம்பில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீச்சல்குளம்னு முதல்லயே சொல்லியிருந்தா படிக்கட்டு விட்டிருப்பேனே சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அன்று சாயங்காலத்திலிருந்து குழிக்குள் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. எண்ணெய் காணாத கதவை யாரோ பாதி திறந்து, மனம் மாறி, படக்கென்று சாத்துகிற மாதிரி. "ஏங்க, உங்க அக்கா வீட்டுக்கு நிஜமாவே கதவு வெச்சிட்டீங்களா?" என்று இவள் கேட்டாள். ஏதோ பூச்சி என்று சொல்லி அவளை அடக்கினேன்.

நகராட்சிக்குப் போய்க் குழி தோண்டிய சேதியைச் சொன்னேன். அதிகாரி நல்ல மனிதர்தான். "வேலை தொடங்கிட்டா விலக்கு உண்டு சார். ஆனா அந்தத் தவளை உங்க இடத்துல இருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வந்து சொல்லுங்க" என்றார். போனேன், மேடையேறினேன், பிரமாதமாகப் பேசினேன். என் சொந்த அக்கா, தள்ளாத வயது என்றேன், மன்னித்துக்கொள், பேச்சு வேகத்தில் வந்துவிட்டது. எங்கள் மனையில் தவளையின் வால்கூட இல்லை என்றும் சொன்னேன். தவளைக்கு வால் கிடையாது என்று முன்வரிசையில் ஓர் அம்மாள் திருத்தினார். கழுத்தில் தொலைநோக்கி, காலில் ரப்பர் பூட்ஸ். இந்தத் தடையே வரக் காரணமான உயிரியல் ஆராய்ச்சிக்காரர் அவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் சும்மா இருந்திருக்கலாம். "வாலும் இல்லை, தவளையும் இல்லை, ஏதோ ஒரு பூச்சி சாயங்காலமானா கத்துது, அவ்வளவுதான்" என்றேன்.

"எப்படிக் கத்துது?" என்றார் அந்த அம்மாள்.

அக்கா, பஸ் ஹாரனில் ஆரம்பித்து அத்தான் குறட்டை வரைக்கும் நான் போட்டுக் காட்டாத சத்தம் உண்டா? என்னிடம் போய் அப்படிக் கேட்கலாமா? கண்ணை மூடிக்கொண்டேன், தொண்டையை உப்பவைத்தேன், கொடுத்தேன். அந்த அம்மாள் எழுந்து நின்று, "இன்னொரு தடவை" என்றார். ரசிகை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உருக்கமாகக் கொடுத்தேன். "கடைசியில வர்ற அந்தப் படக், அதை மட்டும்" என்றார். அதையும் கொடுத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதிகாரியின் பக்கம் திரும்பி, "அதேதான் சார். ஆண் தவளை, ஜோடியைக் கூப்பிடுது. அந்தப் பக்கத்துக் கரையில இன்னும் இருக்குமோ இருக்காதோன்னு இத்தனை நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என்ன நடந்தது என்று புரிவதற்குள் கீழே இறக்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையிலேயே அந்த அம்மாள் வந்து உன் வரவேற்பறையில் முழங்கால் ஆழத்தில் இறங்கிவிட்டார். அத்தானின் குளியலறையில் முட்டை, ஜவ்வரிசிக் கூழ் மாதிரி. அடுக்களையில் ஒரு குடும்பம். நான் விளிம்பில் குந்திக்கொண்டு, "குழியை மூடிடட்டுங்களா?" என்றேன். "மூடினா உங்க மேல வழக்கு" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும், மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு கரையேறி வந்து படுத்துவிட்டுப் போகிற இடத்தில்தான் இந்தத் தவளை முட்டை இடுமாம். ஆழமில்லாத தண்ணீர், முட்டையைத் தின்ன மீனும் இல்லை. அந்தப் பள்ளங்களை எல்லாம் நாம் மண்ணடித்து வீடு கட்டிக்கொண்டே வந்ததில் அதற்குப் போக இடமில்லாமல் போய்விட்டதாம். "நிரந்தர விதி வர்றதுக்குள்ள எல்லாரும் அவசர அவசரமாக் கட்டி முடிச்சிட்டா, அப்புறம் விதி வந்து யாரைக் காப்பாத்தும்? அதுக்குத்தான் சார் இந்த ரெண்டு வருஷம்" என்றார். அவசர அவசரமாகத் தோண்டிய நான் குழியை எட்டிப் பார்த்தேன். அப்போது தவளை ஒன்று மேலே வந்து, நம் பெரியப்பா மாதிரியே கன்னத்தை உப்பிக்கொண்டு, இங்கே உனக்கென்ன வேலை என்பதுபோல் என்னைப் பார்த்தது. நிஜம் சொன்னால் எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்கு வீடு கிடைத்துவிட்டது, உனக்கு இல்லையே. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை அக்கா. சாமானெல்லாம் கட்டத் தொடங்கியிருப்பாய். அத்தானை இந்த வயதில் நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன். நீங்கள் நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள். முன்னறை உங்களுக்கு. நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன், இவளும் சரி என்று சொல்லிவிட்டாள். கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டு. திட்டுவதற்காகவாவது வா.

அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலுக்கு என் விசாரிப்பு. வயதில் சின்னவன் என்பதால் ஆசி சொல்ல முடியவில்லை, உன் ஆசியை இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் தாராளமாக அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன் எதற்கும் இவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதை எதுக்குங்க அனுப்பறீங்க? உங்க மனசு கஷ்டப்படுமேன்னு உங்க அக்காதான் பயந்து பயந்து எங்கிட்ட மட்டும் சொன்னாங்க. அங்க இருக்கற வாடகை வீட்டையே இன்னும் மூணு வருஷத்துக்குப் பேசி முடிச்சாச்சு. நீங்க குழி தோண்டறதுக்கு முந்தின வாரமே" என்கிறாள்.