நடுவருக்கு ஒரு கண்ணாடி

"தாடையை இதுல வெச்சுக்குங்க. கடைசி வரி தெரியுதா?"

தெரிந்தது. அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்து வாசித்தாள்.

"கழுகுக் கண்ணு மேடம் உங்களுக்கு. அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

எதற்கு வந்தாள் என்பது ஊருக்கே தெரியும். முந்தின நாள் ஹாக்கி லீக் ஆட்டத்தில், ரசிகர்கள் 'வெட்டுக்கிளி' என்று கொண்டாடும் முன்கள வீரன் ஒரு கோல் அடித்தான். ஹாக்கியில் பந்து காலில் படக் கூடாது; அவன் காலில் பட்டது என்று விசிலடித்து, அந்தக் கோலைச் செல்லாததாக்கிய நடுவர் அவள்தான். எந்தக் காமிராவிலும் காலில் பட்டதாகத் தெரியவில்லை. "குருட்டு நடுவர்!" என்று அரங்கமே கத்தியது. இறுதிப் போட்டிக்கு நடுவராகும் வாய்ப்பு கைநழுவாமல் இருக்க, கண்ணில் குறையில்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டும்.

கடைக்காரர் கொடுத்தார். கூடவே ஆசையாக ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அந்தப் படம் தெருமுனையில் ஆளுயரத்துக்கு நின்றது. 'நடுவரே எங்களிடம்தான் வருகிறார். நீங்கள்?'

"கண்ணு நல்லாருக்குன்னு எழுதி வாங்கப் போனே. கண்ணு போச்சுன்னு போர்டு வெச்சுட்டு வந்திருக்கே," என்றான் கணவன்.

"பேசாம சாப்பிடுங்க."

"சரி, உப்பு டப்பா எங்கன்னு உனக்குத் தெரியுதா?"

அந்த போர்டை எடுக்க வைக்கலாம் என்று லீக் அலுவலகத்துக்கு ஓடினாள். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார்.

"எடுக்கறதா? அந்தக் கடைதான் இனிமே நம்ம நடுவர்களுக்கு ஸ்பான்சர்! எல்லாம் உங்க புண்ணியம்."

"சார், நான் சரியாத்தான் பார்த்தேன்."

"நீங்க சரியாப் பார்த்தா கண்ணாடியை யாரு வாங்குவா? 'தப்பாப் பார்த்துட்டேன்'னு காமிரா முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. இறுதிப் போட்டி உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆள் ரெடியா இருக்காங்க."

விசிலைக் கழுத்தில் மாட்டிய நாளிலிருந்து அவள் காத்திருந்த போட்டி. கண்ணை மூடிக்கொண்டாள். பந்து, கால், அந்த லேசான உரசல். ஆட்டத்தின்போது பளிச்சென்று இருந்தது, இத்தனை பேர் 'படவே இல்லை' என்று சொன்னபின் கொஞ்சம் மங்கியிருந்தது. பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா? இந்த நேரத்தில் அந்தச் சந்தேகம் வசதியாகவும் இருந்தது. அதுதான் உறுத்தியது.

சொன்னாள். வருத்தம் போதவில்லை என்று மறுபடியும் சொல்ல வைத்தார்கள்.

இறுதிப் போட்டியன்று, பவர் இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினாள். வெயிலிலும் வியர்வையிலும் அதில் ஆவி படிந்துவிட்டது. இப்போதுதான் நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. அரங்கம் முழுக்கக் கைதட்டல்.

ஆட்டத்துக்கு முன் வீரர்கள் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். வெட்டுக்கிளி மட்டும் கையை விடாமல், குனிந்து அவள் காதோரம் சொன்னான்:

"அன்னிக்குப் பந்து என் கால்ல பட்டது நெசந்தான்க்கா, ஆனா வெளிய சொல்லிடாதீங்க, 'பந்தே தொடாத கால்'னு ஷூ கம்பெனிக்காரன் என்னை வெச்சு விளம்பரம் எடுத்திருக்கான்."