காபியைத் தொடாத விருந்தாளியும் எங்கள் ஜோர்டான் கிளையும்

மதிப்பும் பாசமும் மிக்க மாப்பிள்ளை, உலக மின்தூக்கிப் பொறியாளர் சங்கத்தின் குவைத் கிளைத் தலைவர், பொறியாளர் ரிஃபாத் அவர்களுக்கு, அம்மானிலிருந்து மைத்துனன் ஸுஹைர் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு என் தங்கை இப்திஸாமும் பிள்ளைகளும் உங்கள் ரத்தக் கொதிப்பும் எப்படி என்று அறிய ஆவல். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் வாழ்த்துகளை ஏற்றுக்கொள்ளுங்கள். ஜோர்டான் கிளை என்று ஒன்று இனி இல்லை. நாங்கள் எல்லோரும் உங்கள் கிளையின் உறுப்பினர்கள். ஆகவே இதை ஒரு தலைவருக்கு அவருடைய உறுப்பினன் எழுதுவதாகவே வாசிக்க வேண்டும். எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை. தலைமையகம் இதை உங்களுக்கு இரண்டு வரியில் தெரிவித்திருக்கும். நடந்தது இரண்டு வரியில் அடங்காது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏழு பேர் உட்கார்ந்து கிளையை ஆரம்பித்தோம். "ஏழு லிஃப்ட் எஞ்சினியர் உக்காந்திருக்கீங்க, நம்ம கட்டட லிஃப்டு ஒரு மாசமா நிக்குது, யாராச்சும் எந்திரிச்சுப் போய்ப் பாக்கலாம்ல" என்று என் மனைவி கேட்டாள். அது சங்கத்தின் நோக்கங்களில் வராது என்று விளக்கினேன். அன்றிலிருந்து ஆள் சேர்ப்பதே என் வேலையாகிவிட்டது. கல்யாண வீட்டில் சேர்த்தேன், பல் டாக்டர் வீட்டு வாசலில் சேர்த்தேன், நடுவழியில் நின்றுபோன ஒரு லிஃப்டுக்குள் வைத்து இரண்டு பேரைச் சேர்த்தேன். ஆனாலும் சங்கத்தின் ஆண்டு மலரில் நாட்டுக் கிளைகளின் வளர்ச்சி என்று ஒரு பக்கம் வருமே, அதில் உங்கள் குவைத்தின் கோடு மொட்டைமாடிக்குப் போய்க்கொண்டிருக்கும், எங்கள் கோடு தரைத்தளத்திலேயே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கத்தை மட்டும் கத்தரித்து ஒவ்வொரு பெருநாளுக்கும் பேரீச்சம்பழத்தோடு நீங்கள் அனுப்பிவைத்ததை நான் மறக்கவில்லை. பழம் நன்றாக இருந்தது.

இந்த வருஷ முடிவுக்குள் முப்பது பேர் இல்லாத கிளை வட்டாரத்தின் பெரிய கிளையோடு சேர்க்கப்படும் என்று விதி வந்தது. எங்களிடம் இருந்தது இருபத்தாறு. அதில் ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார், ஒருவர் கோழிப்பண்ணை வைத்துவிட்டார், ஆனால் இருவரும் ராஜினாமா செய்யவில்லை. மீதி நாலு பேருக்குத்தான் தெற்கே கரக் ஊரில் இருக்கும் அபூ காலிபைப் பிடித்தேன். வாழ்நாள் முழுக்க ஊரெல்லாம் லிஃப்ட் பொருத்திவிட்டு, தன் வீட்டில் மட்டும் மாடிப்படி வைத்துக்கொண்டிருக்கும் மனிதர். மூன்று மகன்கள், ஒரு மகள், நாலு பேரும் நம் தொழில்தான். "தலைமையகத்து ஆளை என் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வா, அவரு கண்ணு முன்னாலயே கையெழுத்துப் போடச் சொல்றேன்" என்றார்.

தலைமையகத்திலிருந்து தலைகளை எண்ண வந்தவர் திரு. ஹால்வர்சென், வட ஐரோப்பாக்காரர், நெட்டையானவர், நல்லவர். அபூ காலிப் வீட்டுக் கூட்டத்தில் அவரை நடுவாக உட்காரவைத்தார்கள். கரக் பெரியவர்கள் பதினைந்து பேர் சுற்றிலும் இருந்தார்கள். மூத்த மகன் காபி ஊற்றிக் கொடுத்தான். ஹால்வர்சென் வாங்கினார், சிரித்தார், கோப்பையைக் குடிக்காமல் தரையில் வைத்துவிட்டார். இதயத்துக்காக டாக்டர் காபியை விலக்கியிருந்தாராம். இதை அவர் காரிலேயே சொல்லியிருக்கலாம்.

இருபது வருஷமாகக் குவைத்தில் இருப்பதால் உங்களுக்கு மறந்திருக்குமோ என்னவோ, விருந்தாளி காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, அது கிடைக்கும்வரை குடிக்கமாட்டார் என்று இங்கே அர்த்தம். பெண் கேட்கப் போனாலும் கொலைப்பகை தீர்க்கப் போனாலும் நாம் அப்படித்தானே செய்கிறோம். அபூ காலிப் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விருந்தாளிக்கு என்ன வேணும்னு கேளு ஸுஹைர். கேட்டது கிடைச்ச மாதிரிதான்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் தன் கருத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, பையிலிருந்த ஃபைலைத் திறந்து, முப்பது பேர் ஆனாலும் சின்னக் கிளை சின்னக் கிளைதான், இப்போதே குவைத்தோடு சேர்ந்துவிட்டால் எல்லோருக்கும் வசதி, அதற்கு நீங்கள் சம்மதித்தால் மகிழ்வேன் என்று நிதானமாகச் சொன்னார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். என் வாழ்நாளில் நான் அதிகம் பொய் சொன்னதில்லை.

"கரக் கோட்டையப் பாக்கணும்னு ஆசைப்படுறாரு" என்றேன்.

"இதுக்கா கோப்பைய கீழ வச்சாரு? கோட்டை அங்கதான இருக்கு, எங்க ஓடிப்போகப் போகுது?" என்றார் அபூ காலிப்.

அப்போது அவர் மகள் லுப்னா, பொறியியலை வெளிநாட்டில் படித்தவள், "வாப்பா, அவரு கேட்டது அது இல்ல" என்று ஆரம்பித்து, ஹால்வர்சென் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொன்னாள். "ஸுஹைர் மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் போல" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தையும் சேர்த்தாள்.

கிளை என்றால் என்ன, அது யாருடையது என்றெல்லாம் அபூ காலிப் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்த வாக்குக்கு என்ன மரியாதை. "குடுத்தாச்சு. காபியக் குடிங்க" என்றார்.

பெரியவர்கள் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். மகன்களும் மகளும் சொன்னபடியே கையெழுத்துப் போட்டார்கள். பதினைந்து பெரியவர்கள் முன்னால் போன வாக்கைக் கிளைத் தலைவனான என்னால் மறுக்க முடியவில்லை. எங்கள் கிளை முப்பதைத் தொட்டது, தொட்ட நிமிஷத்திலேயே இல்லாமல் போனது. வேண்டுதல் நிறைவேறிய பிறகு குடிக்காமல் இருப்பது அவமரியாதை என்று லுப்னா சொல்ல, ஹால்வர்சென் குடித்தார். போதுமென்றால் கோப்பையை ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, சொல்லும் மனநிலையில் நானும் இல்லை. பதினொரு கோப்பை குடித்தார். நாடித் துடிப்பைத் தானே எண்ணிக்கொண்டு ஊர் திரும்பினார். ஏழு வருஷ உழைப்பு, மாப்பிள்ளை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விருந்துக்கு வைத்த மன்ஸஃப் கறிச்சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

கிளையின் முத்திரையை இத்துடன் அனுப்புகிறேன். பெயர்ப்பலகையை அனுப்ப இயலாது, என் மனைவி அதை அடுக்களை அலமாரிக்குத் தட்டாக்கிவிட்டாள். ஜோர்டான் கிளை இனி உங்களுடையது. அதைத் திரும்பக் கேட்கும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. உங்கள் கோடு இன்னும் உயரட்டும். உங்கள் லிஃப்டுகள் ஒருநாளும் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்காதிருக்க அல்லாஹ் அருள்வானாக. தங்கைக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் கிளையின் புதிய உறுப்பினன்,
ஸுஹைர்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தவர்தான் அபூ காலிப். அன்றைக்கு எதைத் தூக்கிக் கொடுத்தோம் என்று மகள் விளக்கிய பிறகு, "அடுத்தவன் வீட்டு ஆட்டை அறுத்து நான் விருந்து வச்சிருக்கேனே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். சேர்த்துக்கொண்ட கிளையின் தலைவர் தொண்ணூறு நாளைக்குள் ஒப்புக்கொண்டால் பழையபடி பிரித்துவிடலாம் என்று விதிப்புத்தகத்தில் இருப்பதை லுப்னா கண்டுபிடித்திருக்கிறாள். அந்தப் படிவம் இந்தத் தாளுக்கு அடியில் இருக்கிறது. அன்று கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் பதினைந்து பேரும் கீழே நிற்கிறார்கள். உங்கள் கட்டட லிஃப்டில் ஒரு நடைக்கு ஆறு பேர்தான் என்று தங்கை சொன்னாள், மூன்று நடையாக ஏறி வருவார்கள். காபி தயாராக இருக்கும், அவளிடம் போனவாரமே சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுங்கள். வாங்கிக்கொள்வார்கள், குடிக்க மாட்டார்கள். நான் கடைசி நடையில் வருகிறேன், பேனா என்னிடம் இருக்கிறது.