நூற்று எண்பத்து மூன்று மீட்டர் மனிதர்

விதி பேசுவோர் என்று ஓர் இனம் உண்டு. விதிப்படி நடப்போர் வேறு. அவர்களை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஏதாவது ஒரு வரிசையின் பின்னால் பேசாமல் நின்றுகொண்டிருப்பார்கள். நான் சொல்வது பேசுவோரை. இவர்களுக்குச் சட்டப் புத்தகம் முழுக்க மனப்பாடம். ஆனால் அதில் 'நீ' என்று வருகிற இடத்தையெல்லாம் 'அவன்' என்று படிக்கிற ஒரு சின்னக் கோளாறு கண்ணில் உண்டு. கண்ணாடி போட்டாலும் தீராது.

மால்டாவில் எங்கள் ஊருக்கு வாய்த்தவர் விஸ்தின். ஊரில் புனிதர்கள் இருவர், ரோக்கும் ஆகத்தாவும். ஆளுக்கொரு மன்றம், ஆளுக்கொரு பாண்டுக் குழு, ஊருக்கு வெளியே ஆளுக்கொரு வெடித் தொழிற்சாலை. வேலை முடிந்த சாயங்காலங்களில் தச்சரும் வங்கிக் குமாஸ்தாவும் அங்கே போய்க் கூலியில்லாமல் அதிர்வேட்டு கட்டுவார்கள். திருவிழாவுக்கு முந்தைய மதியம் வேட்டுப் போட்டால் எதிர்க்கட்சிக்காரன் வீட்டு ஜன்னல் ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் அப்புறம் என்ன திருவிழா? விஸ்தின் ரோக்குக் கட்சி. நானும் அதே கட்சி, பாண்டில் டிராம்போன் ஊதுகிறவன். விஸ்தினின் மனைவி ஜித்தாவோ பிறப்பால் ஆகத்தா கட்சி. அவளுடைய அண்ணன் சவேர்தான் அந்தக் கட்சித் தொழிற்சாலையின் லைசென்ஸ்தாரர்.

விஸ்தினை எங்கள் மன்றத்தில் வந்து பார்க்க வேண்டும். ஒரு கையில் பஸ்தீட்சிப் பலகாரம், சட்டை முழுக்க அதன் பொருக்கு, இன்னொரு கையில் அளவு நாடா. வெடிமருந்து அறைக்கும் அறைக்கும் இடையே எவ்வளவு தூரம், சுவர் எவ்வளவு கனம், இரும்பு ஆணி வைத்த செருப்போடு உள்ளே போனால் என்ன தண்டனை, யாருக்கு எந்த லைசென்ஸ், எந்த லைசென்ஸுக்கு எந்தத் தேர்வு, அந்தத் தேர்வில் சவேர் எத்தனை தடவை தோற்றார் என்பது வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவார். யாராவது கேட்டார்களா? கேட்கவே வேண்டாம்.

"ஒரு அறையில ரெண்டு பேருக்கு மேல இருக்கக் கூடாது. அவனுங்க மூணு பேரு இருந்தானுங்க. என் கண்ணால பார்த்தேன்."

"எங்கேருந்துண்ணே பார்த்தீங்க?"

"மரத்து மேலேருந்து."

"போன வாரம் நம்ம அறையில அஞ்சு பேரு இருந்தோமே?"

"அது வேலை இல்லப்பா. ஜெபமாலை."

இப்படிப்பட்டவர் வீட்டு நிலவறையில் என்ன இருந்தது தெரியுமா? 'தக்காளி' என்று எழுதிய பதினோரு பெட்டிகள். உள்ளே தக்காளி இல்லை. ரோக்குக் கிடங்கில் இடம் போதாமல் மிஞ்சிய அதிர்வேட்டுகள், கணவனும் மனைவியும் படுக்கிற கட்டிலுக்கு நேர் கீழே. "திருவிழா வரைக்கும்தானே?" என்பார். அழுத்திக் கேட்டால், "இது வெடிமருந்தா? நேர்த்திக்கடன்பா!" என்பார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். இந்த விதிகள் எவனோ பொழுது போகாமல் எழுதியவை அல்ல. தொழிற்சாலைக்குப் போன சாயங்காலம் திரும்பி வராதவர்கள் இந்தத் தீவில் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள் போன பிறகு வந்த விதிகளை எடுத்து மைத்துனன் முதுகில் போடுகிற பிரம்பாக வைத்திருக்கிறாரே, அதுதான் பொறுக்கவில்லை.

விஸ்தினுக்கு மிகப் பிடித்த விதி ஒன்று. குடியிருக்கும் வீட்டுக்கும் வெடித் தொழிற்சாலைக்கும் நடுவில் நூற்று எண்பத்து மூன்று மீட்டர் இருக்க வேண்டும். இங்கிலீஷ்காரன் காலத்து இருநூறு கஜம் மீட்டருக்கு மாறியதில் இப்படி ஒரு எண் கிடைத்தது. சவேரின் தொழிற்சாலைப் பக்கத்தில் விஸ்தினின் செத்துப்போன பெரியம்மாவுக்குச் சொந்தமாக ஒரு கல்வீடு, ஆள் இல்லாமல் கிடந்தது. ஆள் இல்லாதவரை அது வீடே அல்ல. ஆள் போய் உட்கார்ந்தால்?

ஜூன் மாதம் கணவனும் மனைவியும் குடிபெயர்ந்தார்கள். "காத்து நல்லா வரும் ஜித்தா" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். கொடி கட்டித் துணி உலர்த்தினார், சோதிக்க வரும் போலீஸ் சார்ஜன்ட் கண்ணில் படும்படி உள்ளாடைகளை முன்வரிசையில் போட்டார். பிறகு சவேரின் தொழிற்சாலை தன் வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்று மனுக் கொடுத்தார்.

சார்ஜன்ட் வந்தார். அடுப்பைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். "சந்தேகமே இல்ல, குடியிருக்கற வீடுதான்" என்று எழுதிக்கொண்டார். விஸ்தினுக்கு முகமெல்லாம் பல். சவேரின் தொழிற்சாலை வரைக்கும் அளந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர் வந்தது.

"பாறை மேல ஏறி இறங்கினா அதிகமாத்தான் காட்டும், திருப்பி அளங்க" என்றார் விஸ்தின். திருப்பி அளந்தார்கள். அதேதான். சார்ஜன்ட் நாடாவைச் சுருட்டப் போனவர், வேலிக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அங்க வரிசையா குழாய் நட்டு வச்சிருக்கே, அது யாரோடது?"

அது எங்களுடையது. ரோக்குக் கட்சி வேட்டுப் போடும் களம். அதற்கும் குடியிருக்கும் வீட்டிலிருந்து தூரக் கணக்கு உண்டு. நாடா எழுபது மீட்டரிலேயே நின்றுவிட்டது. அந்த வருஷம் ரோக்குக்கு வேட்டுப் போட அனுமதி கிடையாது என்று மறுநாளே தாக்கல் வந்தது.

வேட்டு இல்லாத திருவிழா! மன்றத்தில் விஸ்தின் நுழைந்தால் பேச்சு நின்றது. பஸ்தீட்சிக்காரர் அவருக்கு மட்டும் "தீர்ந்துபோச்சு" என்றார், கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டு நிறைய இருக்கும்போதே. வழி ஒன்றுதான். வீட்டைக் காலி செய்துவிட்டால் அது மறுபடியும் வீடல்ல.

ஜித்தாவைக் கூப்பிடக் கல்வீட்டுக்கு நானும் கூடப் போனேன். ஜித்தா தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நிஜத் தக்காளி.

"மூட்டையக் கட்டு ஜித்தா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

"எது நம்ம வீடு? நான் இங்கதான் குடியிருக்கேன். குடியிருக்கறதுன்னா என்னன்னு நீதான மனுஷா எனக்குப் பாடம் எடுத்த?"

"உங்க ஆகத்தாவுக்காக இப்படிப் பண்றியா?"

"ஆகத்தாவாவது ரோக்காவது! ஆறு வருஷமா கோடையில நான் தூங்கினதே இல்ல. கீழ என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு எவ தூங்குவா? இங்க வந்து படுத்தேன், பொழுது விடிஞ்சது தெரியல. இங்க கட்டிலுக்கு அடியில பூனைதான் இருக்கு."

விஸ்தின் கையிலிருந்த அளவு நாடாவை இழுத்தார், மறுபடி சுருட்டினார்.

"அத எடு. எடுத்தா வரேன். உங்க கிடங்குலதான் இடமில்லையே, எங்க அண்ணன் கிடங்குல இருக்கு. கேளு."

கேட்டார். ரோக்குக்காக மைத்துனர் வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். சவேர் வெடி ஏற்ற லைசென்ஸ் உள்ள தன் வண்டியிலேயே வந்தார். பதினோரு பெட்டிகளையும் நிலவறையிலிருந்து நாங்கள் மூவரும் குழந்தையைத் தூக்குவதுபோல் ஏந்தி வந்தோம். ரோக்கின் வேட்டுகள் ஆகத்தாவின் கூரைக்குக் கீழ் போய்ச் சேர்ந்தன. கடைசிப் பெட்டியை இறக்கி வைத்ததும் சவேர் மூடியைத் திறந்து பார்த்தார். சண்டை வரும் என்று நான் பின்னால் நகர்ந்தேன். வரவில்லை.

"இது மேலயா மாப்ள என் தங்கச்சியப் படுக்க வச்சிருந்த?"

கேட்டுவிட்டு மூடியை மெல்லச் சாத்தினார். விஸ்தின் தலையைக் குனிந்துகொண்டார். திருந்திவிட்டார் என்றே நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. அப்போது குனிந்த தலையை மெல்ல நிமிர்த்தி, கதவை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மச்சான், கிடங்குக் கதவு வெளிப்பக்கமாத்தான் திறக்கணும். இது உள்பக்கமா திறக்குதே, லைசென்ஸ் எப்படிக் குடுத்தான்?"

ஜித்தா வீடு திரும்பினாள், கல்வீடு மறுபடியும் வீடல்ல என்று ஆயிற்று, ஆகஸ்டில் ரோக்கின் வேட்டுகள் ஊரையே ஆட்டின. இந்த இனம் மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் ஊரிலும் இருக்கிறதா? இருக்கிறது, படிக்கும்போதே ஒருவர் முகம் வந்து நின்றிருக்கும். மாடிவீட்டுக்காரரோ, சம்பந்தியோ, அலுவலகத்தில் எதிர் நாற்காலியோ. 'இதை அந்த ஆளுக்கு அனுப்பியே தீர வேண்டும்' என்று கை துடிக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் உங்கள் கைபேசியை ஒருமுறை பாருங்கள். அந்த ஆள் காலையிலேயே இதையே உங்களுக்கு அனுப்பியிருக்கப் போகிறார்.