வாடகைப் புரொபசர்

"இன்னாபா, ஜெர்மன்காரரு வரலியா?"

கேட்டவர் கோதண்டராமன். செங்கல்பட்டு பைபாஸில் போன வருஷம் முளைத்த பொறியியல் கல்லூரியின் கரஸ்பாண்டெண்ட்.

"ஃபிளைட்ட வுட்டுட்டாராம் சார்," என்றான் பி.ஆர்.ஓ. ஜெபகுமார். உண்மையில் அந்தப் புரொபசர் இவன் மெயிலுக்குப் பதிலே போடவில்லை. ஆசை யாரை விட்டது? பெற்றோர் கூட்ட நோட்டீஸில் பெயரை அடித்துத் தொலைத்திருந்தான்.

"பெத்தவங்கள வரவைக்கிறது என் வேலை. அவர வரவைக்கிறது உன் வேலை. மத்தியானம் மேடையில வெள்ளக்காரர் இல்லேன்னா, நாளைக்கு நீ இல்ல."

வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை. பைக்கை மாமல்லபுரத்துக்கு விரட்டினான்.

கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் அகப்பட்டார்.

"இங்கிலீஷ்?"

"நோ," என்று சிரித்தார்.

அப்பாடா, உளற மாட்டார்! கையைக் காலை ஆட்டிப் புரியவைத்து, பிரியாணி வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தான். தன் கோட்டையே மாட்டிவிட்டான். அதன் கை அவருக்கு முழங்கையோடு நின்றது.

மேடையில் சும்மா உட்கார்ந்தால் போதும் என்பதுதான் திட்டம். கோதண்டராமன் குஷி தாங்காமல் அவர் கையில் மைக்கைத் திணித்துவிட்டார்.

வெள்ளைக்காரர் தன் மொழியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இப்படி ஒரு லேப் எங்க நாட்லயே இல்லன்றாரு! நூத்துக்கு நூறு வேலை கேரண்டின்றாரு!" என்று ஜெபகுமார் மொழிபெயர்த்தான். கைதட்டல் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்கியது.

முன்வரிசையில் வேண்டா என்ற அம்மாள் எழுந்தாள். "எம் பொண்ணுக்கு ஃபாரின்ல வேலை கெடைக்குமா?"

வெள்ளைக்காரர் மூச்சுவிடாமல் பொழிந்து தள்ளினார். ஜெபகுமார் ஒரே வார்த்தையில் முடித்தான்.

"கெடைக்கும்ன்றாரு."

"இனிமே ஐயா வாராவாரம் நம்ம காலேஜ்ல கிளாஸ் எடுப்பாரு!" என்று முழங்கினார் கோதண்டராமன். அடப்பாவி மனுஷா! வாராவாரம் இந்த ஆளை எங்கே போய்த் தேடுவது?

கூட்டம் முடிந்ததும் வேண்டா அவனை ஓரமாகக் கூப்பிட்டாள். தொலைந்தோம், வேலையும் போச்சு கல்யாணமும் போச்சு என்று நினைத்துக்கொண்டே போனான்.

"சார், எங்கள இட்டாந்த வேனு எப்ப கெளம்பும்? அடுத்த காலேஜ்ல பெத்தவங்களா போய் குந்தணும். தொரையையும் ஏத்திக்கவா? நேத்து மதுராந்தகத்துலயும் அவுருதான் புரொபசரு. அங்க இன்னா அழகா தமிழ் பேசுனாரு தெரியுமா!"